ஒரு பூச்சுச் சுண்ணாம்பு

தம்பி இங்கிலாந்தில் வேலை பார்க்கிறான். போன வருஷம் அவனுடைய அலுவலகத்தில் எல்லாரும் சேர்ந்து ஒருநாள் வெளியே போனார்களாம். ஒரு வேனைப் பிடித்து, பரம்பரையாகப் பீர் காய்ச்சும் ஆலை ஒன்றைப் போய்ப் பார்த்து, அங்கிருந்து அந்த வட்டாரத்துப் பப்புகளில் ஒவ்வொன்றாக இறங்கி, இருட்டிய பிறகு வீடு திரும்பியிருக்கிறார்கள். சித்திரையில் ஊருக்கு வந்தவன் அதைத்தான் வாய் ஓயாமல் சொல்லிக்கொண்டிருந்தான். "குடிச்சதைச் சொல்லலண்ணே. இது எந்தக் கிணத்துத் தண்ணி, எந்தக் காட்டு வெள்ளாமை, இந்தத் தொட்டி யார் காலத்துல வச்சதுன்னு அந்த ஆளு நின்னு நின்னு சொன்னாரு. அதைக் கேட்டுட்டுக் குடிக்கும்போது வேற மாதிரி இருந்துச்சு." கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நம்ம பக்கம் ஒருத்தர் வந்தா அப்படி எங்க கூட்டிட்டுப் போய்க் காட்டுவோம்?" என்று கேட்டான்.

எனக்குப் பதில் தெரியும். பல வருஷமாக நான் போய்வரும் இடம் அது. ஞாயிற்றுக்கிழமை காலை மூன்றரைக்கு எழுந்திரு என்று மட்டும் சொன்னேன்.

ஒன்பது பேர் சேர்ந்தோம். நான், தம்பி, தம்பியோடு வந்திருந்த அவன் சிநேகிதர் (யாழ்ப்பாணத்தில் பிறந்து லண்டனில் வளர்ந்தவர்), என் பள்ளிக்கூடத்துச் சேக்காளி, அவன் மனைவி, அவர்கள் மகள், பக்கத்து வீட்டு நெசவுக்கார அண்ணன், கல்லூரியில் படிக்கும் அவர் மகன், கடைசியாகச் சித்தி. "நான் எதுக்குடா அங்க?" என்று சித்தி முதலில் மறுத்தாள். அவளுக்கு அந்த இடத்தோடு ஒரு பழைய கணக்கு இருக்கிறது. அதைப் பிறகு சொல்கிறேன்.

அருப்புக்கோட்டையிலிருந்து திருச்சுழிக்கு வேனில் அரை மணி நேரம் ஆகாது. கரிசல் மெல்ல மெல்ல வெளுத்துச் செவலாகும் பாதை. இருபுறமும் சீமைக்கருவேலம். தண்ணீர் இல்லாத கண்மாய்கள். கரையில் மட்டும் வரிசையாகப் பனை. திருச்சுழியில் குண்டாற்றுப் பாலத்துக்குப் பக்கத்தில் ஒரு கடையில் டீ குடித்தோம். ரமண மகரிஷி 1879இல் பிறந்த ஊர் என்று சேக்காளி தன் மகளுக்குச் சொல்லிக்கொண்டிருந்தான். திருமேனிநாதர் கோயில் நடை இன்னும் திறக்கவில்லை. திரும்பி வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று நரிக்குடிச் சாலையில் வண்டியை விட்டோம்.

நாங்கள் போன ஊரின் பெயரை எழுதவில்லை. பனையேறி அண்ணன் அப்படிக் கேட்டுக்கொண்டார். பதனி இறக்கினாலும் கள் இறக்குவதாக நினைத்து யாராவது விசாரிக்க வந்து நிற்பார்கள் என்ற பயம் அவருக்கு இருக்கிறது. அந்தப் பயத்துக்கு மதிப்புக் கொடுக்க வேண்டியது என் கடமை.

வண்டியை நிறுத்தி விளக்கை அணைத்ததும் முதலில் காதில் விழுந்தது அந்தச் சத்தம்தான். இருட்டுக்குள், தலைக்கு மேலே எங்கேயோ, மரத்தை மரம் தட்டுகிற சத்தம். டொக், டொக், டொக். நின்றுவிடும். கொஞ்ச நேரம் கழித்து வேறொரு மரத்தின் உச்சியிலிருந்து கேட்கும். அண்ணாந்து பார்த்தால் ஒரு சின்ன வெளிச்சம். நெற்றியில் கட்டிய டார்ச் அது. அண்ணன் மூன்று மணிக்கே ஏறத் தொடங்கியிருந்தார்.

அவருக்கு ஐம்பதைத் தாண்டியிருக்கும். சொந்த ஊர் தூத்துக்குடிப் பக்கம். மாசி பிறந்தால் மனைவியோடு இங்கே வந்து, பனைகளைப் பாட்டத்துக்கு எடுத்து, ஆவணி வரை தங்குவார். கீழே இறங்கி வந்தவர் எங்களைப் பார்த்து, "வாங்கண்ணே, இம்புட்டுப் பேரா!" என்று சிரித்தார். நான் அவரை அண்ணன் என்பேன், அவர் என்னை அண்ணே என்பார். யாருக்கு வயது கூட என்று நாங்கள் இருவரும் கேட்டுக்கொண்டதில்லை.

தம்பி முதலில் கேட்டது அந்தச் சத்தத்தைப் பற்றித்தான். அண்ணன் இடுப்பிலிருந்த அருவாப்பெட்டியை அவிழ்த்துக் கீழே வைத்து, ஒவ்வொன்றாக எடுத்துக் காட்டினார். பெட்டியே பனை மட்டை நாரில் முடைந்தது. உள்ளே பாளை சீவும் அரிவாள், அதைத் தீட்டும் பொடி, சுண்ணாம்பு வைக்கும் சின்ன டப்பா, பிறகு இடுக்கி. இடுக்கி என்பது ஒரு முனையில் சேர்த்துக் கட்டிய இரண்டு கட்டைகள். பாளை மடலை விட்டு வெளியே வரும் பருவத்தில் அதை இடுக்கியால் நசுக்கிப் பதப்படுத்த வேண்டும். ஆண் பனையின் பாளைக்கு ஒரு மாதிரி, பெண் பனையின் பாளைக்கு ஒரு மாதிரி. அழுத்தம் கூடினால் பாளை செத்துப்போகும். குறைந்தால் சுரக்காது. எவ்வளவு அழுத்தம் என்று அந்தக் கல்லூரிப் பையன் கேட்டான். அண்ணன் அவன் கையை எடுத்து, மணிக்கட்டுக்கு மேலே தன் விரல்களால் பிடித்துக் காட்டினார். "இம்புட்டுதான் தம்பி." வேறு அளவு அதற்கு இல்லை.

பதமான பாளையின் நுனியைத் தினமும் காலையும் மாலையும் காகிதம்போல் மெல்லிசாகச் சீவ வேண்டும். சீவிய இடத்திலிருந்து சொட்டுச் சொட்டாக வடிவது கலயத்தில் சேரும். ஒரு வேளை விட்டுவிட்டால் நுனி காய்ந்து அடைத்துக்கொள்ளும். ஆகவே மாசியில் ஏறத் தொடங்கியவருக்கு ஆவணி வரை விடுமுறை கிடையாது. காய்ச்சல் என்றாலும் சரி, நல்லது கெட்டது என்றாலும் சரி. போன வருஷம் சொந்த அக்கா மகள் கல்யாணத்துக்கு மதியம் மட்டும் போய்த் தலையைக் காட்டிவிட்டு, சாயங்காலச் சீவலுக்குத் திரும்பி வந்திருக்கிறார்.

நாற்பது மரம் அவருடைய பங்கு. மரத்துக்கு நாற்பதடி என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு வேளை. ஏறுவது மட்டும் ஒரு நாளைக்கு 3,200 அடி. இரண்டு நாளில் ஏறக்குறையக் கொடைக்கானல் உயரம், அதே அளவு இறக்கம். காலில் தளைநார், மரத்தில் சாத்திய முருக்குத்தடி, வேறு பிடிமானம் இல்லை. அவர் நெஞ்சில் தோல் தடித்துக் கறுத்துப்போய் ஒரு பட்டை இருக்கிறது. மரத்தை அணைத்து அணைத்து வந்தது. சேக்காளியின் மகள் அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். "வலிக்குமா மாமா?" என்றாள். "இப்ப வலிக்காதுத்தா" என்றார்.

இனி சுண்ணாம்பு. இந்தப் பதிவை எழுத உட்கார்ந்ததே அதற்காகத்தான்.

காலிக் கலயத்தை மேலே கொண்டுபோய்க் கட்டுவதற்கு முன்னால் அதன் உள்பக்கம் சுண்ணாம்பைத் தடவுகிறார்கள். ஒரு பூச்சு, அவ்வளவுதான். பூசினால் காலையில் இறங்குவது பதனி. பூசாவிட்டால் இறங்குவது கள். மரம் ஒன்று, பாளை ஒன்று, கலயம் ஒன்று, ஏறும் ஆள் ஒருவர். காற்றிலும் கலயத்திலும் பாளையிலும் இருக்கும் நுண்ணுயிர்கள் அந்தச் சர்க்கரைச் சாற்றில் விழுந்த உடனே வேலையைத் தொடங்கிவிடும். இந்த வெயிலில் அதற்குச் சில மணி நேரம் போதும். சுண்ணாம்பின் காரம் அவற்றை அடக்கிவைக்கிறது. சட்டப் புத்தகத்தில் ஒரு பக்கம் அனுமதி, மறுபக்கம் சிறை. நடுவில் இருப்பது விரலால் வழித்துப் பூசும் இந்த வெள்ளைதான்.

தம்பி ஒரு முறை பிரஸ்ஸல்ஸ் போயிருந்தபோது கான்டியோன் என்ற ஆலையைப் பார்த்திருக்கிறான். 1900இல் தொடங்கியது, இன்னும் அதே முறையில் நடக்கிறது. காய்ச்சிய தானியச் சாற்றைக் கூரைக்கடியில் ஒரு அகலமான செம்புத் தொட்டியில் ஊற்றி ராத்திரி முழுக்கத் திறந்து வைத்துவிடுவார்களாம். ஈஸ்ட் எதையும் வாங்கிப் போடுவதில்லை. காற்றில் வருவதுதான் புளிக்க வைக்கிறது. அதனால் குளிர் மாதங்களில் மட்டும் காய்ச்சுவார்கள், வெயில் காலத்தில் கெட்டுப்போகும். இதை அண்ணனிடம் சொன்னான். அண்ணன் அரிவாளைத் தீட்டுவதை நிறுத்திவிட்டுக் கேட்டார். "அங்கயும் காத்துதானா? அவுக குளிருக்குக் காத்திருக்காக, நாம வெயிலுக்குக் காத்திருக்கோம்." பிறகு, "அந்தத் தொட்டியக் களுவுவாகளா, களுவாம வப்பாகளா?" என்றார். தொழில்காரர் கேட்கிற கேள்வி. தம்பிக்குப் பதில் தெரியவில்லை. விசாரித்துச் சொல்கிறேன் என்றான்.

கிழக்கு வெளுக்கும்போது குடித்தோம். இளம் ஓலையைப் பிரித்து, விரித்து, மடக்கி, முனையைக் கட்டினால் பட்டை. இரண்டு கையாலும் ஏந்தி, குனிந்து குடிக்க வேண்டும். அண்ணன் பன்னாடையால் வடிகட்டி ஊற்றினார். பன்னாடையை வசவாக மட்டுமே அறிந்திருந்த கல்லூரிப் பையன், மட்டையின் அடியில் வலைபோல் பின்னிக்கிடக்கும் அந்த நாரைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தான். குப்பையைத் தான் வைத்துக்கொண்டு நல்லதை விட்டுவிடும் பொருள். வசவு எங்கிருந்து வந்தது என்று யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை.

விடியற்காலைப் பதனியின் ருசியை எழுத்தில் கொண்டுவர எனக்கு வராது. இனிப்புதான், ஆனால் திகட்டாத இனிப்பு. அடியில் சுண்ணாம்பின் மெல்லிய காரல். ஓலை வாசனை. ராத்திரியின் குளிர்ச்சி அதற்குள் இன்னும் இருக்கும். ஒன்பது மணிக்கு அதே பதனி வேறொன்றாகிவிடும். பட்டணத்தில் பாட்டிலில் வாங்கிக் குடித்துவிட்டு, என்னமோ மாதிரி இருக்கிறது என்று சொன்னவர்கள் எல்லாரையும் ஒரு முறையாவது இந்த மரத்தடிக்குக் கூட்டிவர வேண்டும் என்று ஒவ்வொரு தடவையும் எனக்குத் தோன்றும்.

தம்பியின் சிநேகிதர் இரண்டு வாய் குடித்துவிட்டு நிமிர்ந்தார். கண் கலங்கியிருந்தது. "அண்ணை, இதை நாங்கள் கருப்பநீர் எண்டு சொல்லுவம். இந்தப் பட்டைக்குப் பிளா எண்டு பேர். நான் சின்னப்பிள்ளையா இருக்கேக்க அப்பப்பா பிடிச்சுத் தந்தவர்." சின்ன வயதில் ஊரை விட்டவர். முப்பது வருஷத்துக்குப் பிறகு வாயில் பட்ட ருசி. அவர் சொல்லிக் கேட்டவை எங்களுக்கெல்லாம் புதிது. அங்கே கள்ளுக்குத் தடை இல்லை. கள் விற்கும் இடத்தைத் தவறணை என்பார்கள். ஐரோப்பியர் விட்டுப்போன சொல், தமிழாகிவிட்டது. சீவல் தொழிலாளர்களுக்கு 1970களிலேயே கூட்டுறவுச் சங்கங்கள் வந்தன. 1978இல் பனை அபிவிருத்திச் சபை தொடங்கப்பட்டது. வடமராட்சியில் திக்கம் என்ற ஊரில் கள்ளிலிருந்து சாராயம் வடிக்கும் வடிசாலை இருக்கிறது. கருப்பட்டிக்கு அங்கே பனங்கட்டி என்று பெயர், சின்ன ஓலைக் குட்டானில் ஊற்றி வைப்பார்கள். அண்ணன் ஒவ்வொரு சொல்லையும் ஒரு முறை தானும் சொல்லிப் பார்த்துக்கொண்டார். பிளா. குட்டான்.

ஏழு மணிக்கு விடிலிக்குப் போனோம். தம்பி பார்த்த ஆலைக்கு ஈடாக நான் காட்ட நினைத்தது இந்த விடிலியைத்தான். பனையோலை வேய்ந்த தாழ்ந்த குடில். குனிந்துதான் நுழைய முடியும். நடுவில் மண்ணில் தோண்டிய அடுப்பு, மேலே பெரிய வட்டச் சட்டி. அக்கா, அதாவது அண்ணனின் மனைவி, அதன் முன்னால் உட்கார்ந்திருந்தார். விறகு, சீமைக்கருவேல முள்ளும் காய்ந்த பனை மட்டையும். உள்ளே நுழைந்த இரண்டாவது நிமிஷம் எங்கள் எல்லாருக்கும் கண் எரிந்தது. அக்கா அங்கே காலை முழுக்க இருக்கிறார், சித்திரையிலும் வைகாசியிலும்.

பனை என்றால் ஏறுகிறவரைப் பற்றித்தான் எல்லாரும் பேசுகிறோம், எழுதுகிறோம், படம் எடுக்கிறோம். காய்ச்சுகிறவரைப் பற்றி அந்த அளவுக்குப் பேசுவதில்லை. அண்ணன் கொண்டுவருவது சாறு. அதைக் கருப்பட்டியாக்குவது அக்காவின் கையும் கண்ணும். மூன்று மணி நேரத்துக்கு மேல் கொதிக்க வேண்டும். முதலில் வெள்ளை நுரை பொங்கும். சட்டியை மீறி வரும்போது ஆமணக்கு முத்தை நசுக்கி ஒரு சிட்டிகை போடுகிறார், நுரை சொன்னபடி கேட்டு இறங்குகிறது. பிறகு நிறம் மாறும், தேன் நிறம், செம்மண் நிறம், அப்புறம் கறுப்பை நெருங்கும் ஒரு சிவப்பு. குமிழியின் சத்தமும் மாறும். கடைசியில் துடுப்பிலிருந்து ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டுப் பார்க்கிறார். கரைந்தால் இன்னும் ஆகவில்லை. விரலில் உருட்ட வந்தால் பதம். இறக்கி வைத்து, சுற்றிச் சுற்றித் துடுப்பால் கிண்டி, வரிசையாக வைத்திருக்கும் தேங்காய்ச் சிரட்டைகளில் ஊற்ற வேண்டும். அங்கே அரை நிமிஷம் தாமதித்தால் சட்டியிலேயே இறுகிவிடும்.

இங்கேயும் சுண்ணாம்புதான் பேசுகிறது. குறைவாகப் பூசியிருந்தால் பதனி லேசாகப் புளித்திருக்கும், புளித்தது எவ்வளவு காய்ச்சினாலும் கட்டியாகாது, பாகாகவே நிற்கும். அதிகம் பூசியிருந்தால் கருப்பட்டி கறுத்து, நாக்கில் கரிக்கும். "அவுக ஏறும்போது என்ன நெனப்புல இருந்தாகன்னு எனக்கு இந்தச் சட்டியில தெரிஞ்சிரும்" என்றார் அக்கா. இதைச் சொல்லும்போது அண்ணன் வாசலில் உட்கார்ந்து கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார். மறுத்துப் பேசவில்லை.

பாதிக்கு மேல் கொதித்த பதனியில் கொஞ்சம் எடுத்து எங்களுக்குச் சின்னக் கிண்ணங்களில் ஊற்றித் தந்தார். கூழ்ப்பதனி. சூடாக, கெட்டியாக, புகை வாசனையோடு. தம்பி அதைக் குடித்துவிட்டு ரொம்ப நேரம் ஒன்றும் பேசவில்லை.

ஒரு கிலோ கருப்பட்டிக்கு எட்டு முதல் பத்து லிட்டர் பதனி வேண்டும். நாற்பது மரம், இரண்டு ஏற்றம், மூன்று மணி நேர நெருப்பு, அப்புறம்தான் அந்தச் சிரட்டைகள். இதை நேரில் பார்த்தவருக்குக் கடையில் குறைந்த விலைக்குக் கிடைக்கும் கருப்பட்டி எப்படி வருகிறது என்று உடனே புரியும். சீனியைக் கலந்து காய்ச்சியது அது. அந்தக் கலப்படம்தான் அக்காவின் வியர்வைக்கு விலை நிர்ணயிக்கிறது. நல்ல சரக்கைக் கொண்டுபோனால், "அங்கே பாதி விலைக்குத் தருகிறானே" என்பார்கள். எனக்குக் கோபம் வரும் இடம் இதுதான், மறைக்க விரும்பவில்லை. 2021இல் வந்த முதல் வேளாண் நிதிநிலை அறிக்கையில் பனை மேம்பாட்டு இயக்கம் அறிவித்தார்கள், பனையை வெட்ட ஆட்சியர் அனுமதி வேண்டும் என்றார்கள். மரத்தைக் காப்பது நல்ல காரியம். ஆனால் மரம் நிற்கிறது, ஏற ஆள் இல்லை. நரிக்குடிச் சாலையில் நாங்கள் பார்த்த பனைகளில் கலயம் கட்டியவை மிகக் குறைவு. அண்ணனின் மகன் ஏறுவதில்லை, கோயம்புத்தூரில் வேலை பார்க்கிறான். அவன் ஏற வேண்டும் என்று அண்ணனும் விரும்பவில்லை.

வரும் வழியில் மூன்று இடங்களில் நிறுத்தினோம். தம்பியின் ஊர்ப் பப்புகளுக்கு என் கணக்கில் இவை ஈடு. முதலாவது, சாலையோரம் வேப்பமரத்தடியில் ஒரு பானையும் கொஞ்சம் ஓலையும் வைத்திருந்த ஒரு அம்மா. பதனியில் நுங்கை விரலால் நோண்டிப் போட்டுத் தந்தார். நின்றுகொண்டு குடித்தோம். பஸ்ஸிலிருந்து இறங்கிய இரண்டு பேர், டிராக்டரை நிறுத்திவிட்டு வந்த ஒருவர், நாங்கள். யாரும் யாரையும் எந்த ஊர், என்ன ஆள் என்று கேட்கவில்லை. இரண்டாவது, கருப்பட்டிக் காப்பி போடும் சின்னக் கடை. சுக்கும் மல்லியும் தட்டிப் போட்ட காப்பி, பருப்பு வடை. நெசவுக்கார அண்ணன் தறியை விட்டு வந்து இப்படி உட்கார்ந்து பல மாதம் ஆகிறது என்றார்.

மூன்றாவது இடத்தில் ஒன்றும் இல்லை. கண்மாய்க்கரை ஓரம் ஒரு திட்டு, இடிந்த மண்சுவரின் அடி, பக்கத்தில் ஒரு பூவரசு. அங்கே கள்ளுக்கடை இருந்தது. அதைக் காட்டுவதற்காக நான் முன்பே சொல்லிவைத்திருந்த பெரியவர் ஒருவர் வந்து காத்திருந்தார். எண்பதை நெருங்கும் வயது. ஏலம் எடுத்த கடைக்காரரிடம் அந்தக் காலத்தில் ஊற்றிக்கொடுக்கும் வேலை பார்த்தவர். எந்த மூலையில் பானைகள், எந்தப் பக்கம் பெஞ்சு, எங்கே ஒரு கிழவி கருவாடும் அவித்த மொச்சையும் வைத்து உட்கார்ந்திருப்பாள் என்று தடியால் மண்ணில் கோடு கிழித்துக் காட்டினார். மொந்தைக் கணக்கு. வேலை முடிந்து வருகிறவர்கள் ஒரு மொந்தையோடு ஒரு மணி நேரம் உட்கார்ந்து, மழை, மாடு, வழக்கு எல்லாம் பேசிவிட்டுப் போவார்களாம். "இப்ப டாஸ்மாக் கடைக்குப் பின்னால நின்னுக்கிட்டு மடக்குமடக்குன்னு ஊத்திக்கிட்டுப் போறான். பேச்சே இல்ல."

வருஷங்களைச் சொன்னால் கதை தெளிவாகும். 1937இல் ராஜாஜி சேலம் மாவட்டத்தில் மதுவிலக்கைத் தொடங்கினார். 1948இல் மாகாணம் முழுவதும் வந்தது. 1971இல் தளர்த்தி, 1973இல் கள்ளுக்கடைகளையும் 1974இல் சாராயக்கடைகளையும் மூடினார்கள். 1977இல் அருப்புக்கோட்டைத் தொகுதியில் நின்று வென்றுதான் எம்.ஜி.ஆர். முதல்வரானார். அவர் ஆட்சியில்தான் 1981இல் கள்ளுக்கடைகள் மறுபடி திறந்தன. அவர் ஆட்சியிலேயே 1987 ஜனவரி 1 முதல் மூடப்பட்டன. அந்தத் திட்டில் இருந்த கடையும் அன்றைக்குத்தான் மூடியது. டாஸ்மாக் 1983இல் மொத்த வியாபாரத்துக்காகத் தொடங்கி, 2003 நவம்பரில் சில்லறைக் கடைகளையும் கையில் எடுத்தது. ஆக, புட்டியில் வருவதை அரசே விற்கிறது, பாளையில் வடிவதற்குத் தடை. கேரளாவில் கள்ளுக்கடையில் குடும்பத்தோடு உட்கார்ந்து சாப்பிடுகிறார்கள். இங்கே இருக்கும் இந்தத் தடை சரியல்ல என்று நான் நினைக்கிறேன். பெரியவரும் அதையேதான் சொன்னார்.

அப்போதுதான் சித்தி பேசினாள். அதுவரை பூவரசு நிழலில் தனியாக நின்றுகொண்டிருந்தாள்.

"நீங்க சொல்றது உங்களுக்குச் சரி மாமா. எங்கய்யா இந்தக் கடையிலதான் உக்காந்திருப்பாரு. நெல்லு வித்த காசு, பருத்தி வித்த காசு எல்லாம் இங்கதான் வந்துச்சு. அரிசிக்கு இல்லாம எங்கம்மா என்னையத்தான் அனுப்பும், போயிக் கூட்டிட்டு வான்னு. ஒன்பது வயசு எனக்கு. அந்தா அந்த வாசல்ல நின்னுக்கிட்டு அய்யா அய்யான்னு கூப்பிடுவேன். உள்ள இருக்கவுகள்லாம் என்னையப் பாத்துச் சிரிப்பாக." பெரியவர் தடியை ஊன்றிக்கொண்டு கேட்டுக்கொண்டிருந்தார். "கடையை மூடுன அன்னைக்கு எங்கம்மா சாமி கும்பிட்டுச்சு" என்றாள் சித்தி.

பெரியவர் கொஞ்ச நேரம் கழித்து, "உங்கய்யா பேரு என்னத்தா?" என்று கேட்டார். சித்தி சொன்னாள். "ஞாபகம் இருக்கு" என்றார். "வாசல்ல ஒரு பிள்ள நிக்கும். அதுவும் ஞாபகம் இருக்கு."

நான் என் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. ஆனால் சித்தி நின்ற அந்த வாசலை விட்டுவிட்டு இனிமேல் கள்ளைப் பற்றி என்னால் பேச முடியாது. கள் வேண்டும் என்கிறவர்களில் அநேகம் பேர் ஆண்கள், மொந்தைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவர்கள். மறுபடி திறக்கும் நாள் வந்தால், கடை எப்படி இருக்க வேண்டும், எத்தனை மணிக்கு அடைக்க வேண்டும், யார் நடத்த வேண்டும் என்பதைச் சித்தியைப் போன்றவர்களிடம் கேட்ட பிறகுதான் திறக்க வேண்டும். காந்தியப் பொருளாதார அறிஞர் ஜே.சி.குமரப்பா பனைவெல்லத்துக்காகத் தொடர்ந்து வாதாடியவர். கடைசிக் காலத்தில் அவர் வாழ்ந்தது இங்கிருந்து அதிக தூரமில்லாத டி.கல்லுப்பட்டி காந்தி நிகேதன் ஆசிரமத்தில். குடிக்கு எதிரானவர்தான். ஆனால் கள்ளை நிறுத்தினால் போதாது, ஏறுகிறவனுக்கு அதே மரத்திலிருந்து சோறு கிடைக்க வழி செய்ய வேண்டும் என்பதில் உறுதியாக இருந்தார். மூடியவர்கள் முதல் பாதியைச் செய்தார்கள்.

திருச்சுழிக் கோயில் நடையை அதற்குள் சாத்திவிட்டார்கள். சாத்திய கதவைக் கும்பிட்டுவிட்டு வந்தோம்.

அருப்புக்கோட்டைக்குள் நுழையும்போது மதியம் ஆகிவிட்டது. பழைய வியாபாரத் தெருக்கள் வழியாக வேனை மெதுவாக விடச் சொன்னேன். நாங்கள் காலையில் பார்த்த சிரட்டைக் கருப்பட்டிக்கும் இந்த ஊர் எழும்பியதற்கும் நேரான உறவு இருக்கிறது. தெற்கேயிருந்து மாட்டிலும் வண்டியிலும் கருப்பட்டியும் கருவாடும் ஏற்றிக்கொண்டு வந்த நாடார் வியாபாரிகள், வழிப்பறிக்குப் பயந்து மாடும் சரக்கும் ராத்திரி தங்கப் பேட்டைகள் கட்டினார்கள். பேட்டையைச் சுற்றிக் கடை, கடையைச் சுற்றி ஊர். சிவகாசி, விருதுநகர், சாத்தூர், திருமங்கலம், பாலையம்பட்டி, அருப்புக்கோட்டை என்று ஆறு ஊர்கள். விற்ற சரக்கில் ஒரு பங்கை மகமையாகப் பொதுவில் வைத்தார்கள், அந்தக் காசில் கிணறு வந்தது, கோயில் வந்தது, பள்ளிக்கூடம் வந்தது. அமெரிக்க ஆய்வாளர் ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969இல் எழுதிய புத்தகத்தில் இதையெல்லாம் விரிவாகச் சொல்லியிருக்கிறார். எங்கள் தெருவில் பாதிப் பேர் படித்தது மகமையில் வந்த பள்ளிக்கூடத்தில்தான். "அந்தத் தொட்டி யார் காலத்துலன்னு சொன்னாங்கன்னியே" என்று தம்பியிடம் சொன்னேன். "இது எல்லாமே அந்தச் சட்டியிலிருந்து வந்ததுதான்." அவன் ஜன்னலை முழுதாகத் திறந்துவிட்டுப் பார்த்துக்கொண்டே வந்தான்.

கிளம்பும்போது அண்ணனிடம் ஒன்று கேட்டிருந்தேன். அடுத்த தடவை வரும்போது உங்களுக்கு என்ன வாங்கிவர என்று. துணியோ, டார்ச்சோ சொல்வார் என்று நினைத்தேன். "நல்ல சுண்ணாம்பு வாங்கியாங்கண்ணே" என்றார். "இங்க கிடைக்கிற பொடியில என்னத்தையோ கலக்குறான், கலயத்துல பிடிக்க மாட்டேங்குது. கிளிஞ்சச் சுண்ணாம்பு கிடைச்சாப் பாருங்க. நீத்தாத கல்லாவே வாங்குங்க, அவ நீத்திக்கிருவா."

திங்கட்கிழமை கடைவீதி முழுக்க அலைந்தேன். ஐந்தாவது கடையில் கிடைத்தது. ஈரம் படாமல் தகர டின்னில் போட்டு மூடி, திண்ணையில் வைத்திருக்கிறேன். தம்பி ஊருக்குத் திரும்புவது வியாழக்கிழமைதான். அதற்குள் ஒரு விடியற்காலை நாங்கள் இரண்டு பேரும் மட்டும் போய்க் கொடுத்துவிட்டு வரலாம் என்கிறான். தானும் வருவதாகச் சித்தி சொல்லியிருக்கிறாள்.